எது அசல் பென்ட்லி?



கார் உலகத்து மேதைகளைப் பற்றி மலர்களில் கட்டுரை எழுதுவது வழக்கம்தான். ஃபோர்டு வருவார், டீசல் வருவார், பென்ஸ் வருவார். நான் எழுத எடுத்துக்கொண்டது தன் பெயரை வேறொருவருக்குப் பறிகொடுத்துவிட்டு அதன்பிறகு நாற்பது வருடம் வாழ்ந்த ஒரு மனிதரை. அவர் காலத்தில் செய்த கார் ஒன்றை இன்றைக்கு யாராவது விற்பனைக்குக் கொண்டு வந்தால், வாங்க வருகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்பு இது அசலா என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் அவருடைய வாழ்க்கையையே திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது.

வால்டர் ஓவன் பென்ட்லி 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ல் லண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. எல்லோருக்கும் அவர் டபிள்யூ. ஓ. தான். வசதியான குடும்பம். ஆனாலும் பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு டான்காஸ்டர் நகரில் கிரேட் நார்தர்ன் ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்துவிட்டார். ரயில் இன்ஜின் மேல் அவ்வளவு ஆசை. அதற்கு 75 பவுண்டு கட்டணம் வேறு கட்டினார்கள். ஐந்து வருடம் வார்ப்பட்டறை, ஃபிட்டிங், இன்ஜின் பிரித்துப் பூட்டுவது என்று எல்லாம் கையாலேயே கற்றார். நாம் முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டை நாள் கணக்கில் தேய்த்துவிட்டு, டிரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரிகிறதே என்று திட்டு வாங்கினோமே, அதே பாடம்தான் அவருக்கும். பணக்கார வீட்டுப் பையன் என்று யாரும் அரத்தை எளிதாக ஓட விடவில்லை.

ரயில்வேயில் பெரிய எதிர்காலம் இல்லை என்று தெரிந்ததும் மோட்டார் சைக்கிள் பந்தயம். 1909, 1910 இரண்டு வருடமும் ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தில் ஓட்டினார். பிறகு லண்டனில் ஒரு டாக்சி கம்பெனியில் வண்டிகளைப் பராமரிக்கிற வேலை. 1912-ல் அண்ணன் ஒருவரோடு சேர்ந்து டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சு காரை விற்கும் கடையை எடுத்தார்.

அவருடைய பெயரை இன்ஜினியர்கள் மத்தியில் நிலைநிறுத்திய விஷயம் அந்தக் கடை வியாபாரத்தில்தான் ஆரம்பித்தது. 1913-ல் பிரான்ஸுக்கு டி.எஃப்.பி. தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். அங்கே மேஜை மேல் காகிதம் பறக்காமல் இருக்க அலுமினியத்தில் ஒரு சின்ன பிஸ்டன் செய்து வைத்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அழகாக இருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருப்பார்கள். இவர் இதை ஏன் இன்ஜினுக்குள் போடக்கூடாது என்று யோசித்தார். அப்போது பிஸ்டன் என்றால் வார்ப்பிரும்பு அல்லது எஃகு. சுத்த அலுமினியம் சூட்டில் தாங்காது. 88 பங்கு அலுமினியத்தோடு 12 பங்கு செம்பு கலந்து வார்த்தபோது தாங்கியது. எடை குறைந்ததால் இன்ஜின் வேகமாகச் சுற்றியது. அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவதால் கம்ப்ரஷனைக் கூட்ட முடிந்தது. அந்தச் சின்ன பிரெஞ்சு கார் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் சாதனைகள் படைத்தது.

1914-ல் முதல் உலகப்போர். வியாபார ரகசியத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை, கடற்படை விமானப் பிரிவிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவர்கள் அவரை ரோல்ஸ் ராய்ஸ், சன்பீம் போன்ற கம்பெனிகளுக்கு அனுப்பி விளக்கச் சொன்னார்கள். (ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வரும்.) அதன்பிறகு விமானத்துக்கு பி.ஆர்.1 என்ற ரோட்டரி இன்ஜினை வடிவமைத்தார். அலுமினிய சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு லைனர் போட்டிருந்தார். சோப்வித் கேமல் போர் விமானங்களில் அது ஓடியது. போர் முடிந்தபின் அரசாங்கம் 8,000 பவுண்டு பரிசளித்தது. ஆனால் 1919-ல் அவருடைய மனைவி லியோனி விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேரைக் கொண்டுபோன காய்ச்சல் அது. அதே வருடம்தான் பென்ட்லி மோட்டார்ஸ் ஆரம்பமானது.

இங்கே ஒரு வேடிக்கை. 1919 இறுதியில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதல் பென்ட்லி சேஸிஸைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதில் இருந்த இன்ஜின் ஓடாத டம்மி! வேலை முடியவில்லை, கண்காட்சி வந்துவிட்டது, என்ன செய்வது? எல்லோரும் அசல் பென்ட்லியைத் தேடுகிறார்களே, ஊர் கண்ணில் பட்ட முதல் பென்ட்லியே பாதி அசல்தான். உண்மையான மூன்று லிட்டர் கார் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர 1921 செப்டம்பர் ஆகிவிட்டது. நான்கு சிலிண்டர், மேலே கேம் ஷாஃப்ட், ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, இரண்டு பிளக். சேஸிஸுக்கு ஐந்து வருட கேரண்டி. கிரிக்கிள்வுட் என்ற இடத்தில் தொழிற்சாலை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பென்ட்லி கம்பெனி முழுக் காரை விற்கவில்லை. சட்டம், இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், ரேடியேட்டர் வரைதான் அவர்கள் வேலை. வாங்கியவர் அதைப் பாடி கட்டுகிறவரிடம் கொண்டுபோய் தன் இஷ்டப்படி கட்டிக்கொள்வார். நம் ஊரில் லாரி சேஸிஸை வாங்கி நாமக்கல்லுக்கு ஓட்டிப்போவது போல. ஆகவே பாடியைப் பார்த்து இது அசல் என்று சொல்வது நடக்காத காரியம். அந்தக் காலத்தில் கட்டிய மூடிய பாடிகள் பலவற்றைப் பிற்காலத்தில் கழற்றி எறிந்துவிட்டு, பந்தயக் கார் மாதிரி திறந்த பாடி போட்டார்கள், அதற்குத்தான் விலை அதிகம் என்பதால். சில சேஸிஸ்களை நடுவில் வெட்டிக் குட்டையாக்கினார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? எண்ணைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சேஸிஸுக்கும் ஒரு எண், இன்ஜினுக்குத் தனி எண். கியர்பாக்ஸ், ஆக்சில் என்று மற்ற பாகங்களிலும் எண்கள் உண்டு. கிரிக்கிள்வுட்டில் செய்த கார்கள் மொத்தம் சுமார் 3,000. கேரண்டி கொடுத்ததால் ஒவ்வொரு வண்டிக்கும் சர்வீஸ் பதிவு எழுதி வைத்தார்கள். எந்தத் தேதியில் வந்தது, என்ன மாற்றினோம், இப்போது உரிமையாளர் யார் என்று. அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி இன்றும் பத்திரமாக இருக்கிறது. வாங்க வருகிறவர் முதலில் அந்தப் பதிவைப் படிக்க வேண்டும், அப்புறம்தான் காருக்கு அடியில் படுக்க வேண்டும். காரைப் பார்த்து மயங்கியபிறகு காகிதம் படித்தால் கண் சரியாகத் தெரியாது.

அடியில் படுத்தபின் பார்ப்பதற்கும் நிறைய உண்டு. எண்ணை அந்தக் காலத்தில் கையால் பஞ்ச் அடித்தார்கள். எழுத்து கொஞ்சம் மேலே கீழே இருக்கும், ஆழம் ஒரே மாதிரி இருக்காது. எண்ணைச் சுற்றி இரும்பு மட்டும் வழவழப்பாக இருந்தால் யாரோ கிரைண்டர் பிடித்திருக்கிறார்கள். பஞ்ச் அடிக்கும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்குகிறது. அதனால் மேலே தேய்த்துவிட்டாலும் ஆசிட் தடவினால் பழைய எண் மங்கலாகத் தெரியவரும். மெட்டலர்ஜி பாடம் எதற்கு என்று கேட்கிற நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். அடுத்து திருகுகள். 1920-களின் ஆங்கிலேயக் காரில் விட்வொர்த், பி.எஸ்.எஃப். மரைகள்தான் இருக்கும். முக்கியமான இடத்தில் மெட்ரிக் போல்ட் பூட்டியிருந்தால் அது பிற்பாடு வந்தது. ரிவிட் இருக்க வேண்டிய இடத்தில் வெல்டிங் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். சட்டத்தில் எதற்கும் பயன்படாத பழைய துளைகள் இருந்தால் அந்தத் துளையில் முன்பு என்ன இருந்தது என்று யோசிக்க வேண்டும். பழைய போட்டோ கிடைத்தால் பானட்டில் காற்றுப் போகும் கீற்றுகளை எண்ணிப் பார்க்கலாம்.

இதை எழுதும்போது எங்கள் வீட்டு மொபெட் ஞாபகம் வருகிறது. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா ஒருத்தரிடம் பழைய மொபெட் வாங்கினார். பன்னிரண்டாயிரம் ரூபாய். கொத்து வேலைக்குப் போய் வர. ஓட்டிப் பார்த்தார், சத்தம் கேட்டார், நல்லா இருக்குன்னு காசைக் கொடுத்துட்டார். பேர் மாத்தப் போனப்போதான் தெரிஞ்சுது, ஆர்.சி. புக்கில் ஒரு இன்ஜின் எண், வண்டியில் வேறு எண். விற்றவரைத் தேடினால் ஆளே ஊரில் இல்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். ஆனால் புத்தகத்தில் இருக்கிற எண்ணும் இரும்பில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரலை. பத்து மில்லியன் பவுண்டு காருக்கும் பன்னிரண்டாயிரம் ரூபாய் மொபெட்டுக்கும் முதல் பரிசோதனை ஒன்றேதான்.

பத்து மில்லியன் பவுண்டு என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் கதைக்கு முன்னால் பந்தயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரப் பந்தயம் 1923-ல் தொடங்கியது. 1924-ல் பென்ட்லி ஜெயித்தது. மறுபடி 1927, 1928, 1929, 1930 என்று தொடர்ந்து நான்கு வருடம். கம்பெனியில் பணம் எப்போதுமே பற்றாக்குறை. 1926 முதல் வுல்ஃப் பர்னாட்டோ என்ற, தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கச் சொத்துக்கு வாரிசான இளைஞர் பணம் போட்டார். பணம் போட்டதோடு நிற்காமல் காரும் ஓட்டினார். லெ மானில் மூன்று தடவை இறங்கினார், மூன்று தடவையும் ஜெயித்தார். இன்னொரு ஓட்டுநர் டிம் பர்கின் இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். டபிள்யூ. ஓ.வுக்கு அது பிடிக்கவே இல்லை. வேகம் வேண்டுமானால் இன்ஜினைப் பெரிசாக்கு என்பது அவர் கட்சி. அவர் பேச்சு எடுபடவில்லை. அந்தச் சூப்பர்சார்ஜர் கார் லெ மானில் ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் பென்ட்லி என்றதும் பலருக்கு அதன் படம்தான் மனசில் வருகிறது. பெற்றவருக்குப் பிடிக்காத பிள்ளைதான் பேர் வாங்கியது!

1929, 1930 இரண்டு வருடமும் ஜெயித்தது ஸ்பீட் சிக்ஸ் வகையில் ஒரே கார். ஓல்டு நம்பர் ஒன் என்று அதற்குப் பெயர் வந்தது. பந்தயக் கார் அல்லவா, ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஏதாவது மாற்றினார்கள். பிறகு எட்டு லிட்டர் இன்ஜின் வைத்தார்கள். 1932 செப்டம்பரில் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தின் சரிவிலிருந்து அது வெளியே பறந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்துபோனார். உடைந்ததை எடுத்துச் சாலையில் ஓட்டும் காராகத் திருப்பிக் கட்டினார்கள். பின்னர் மறுபடி பந்தயக் கார் தோற்றத்துக்கு மாற்றினார்கள். 1990-ல் அந்தக் காரைப் பத்து மில்லியன் பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் ஆனது. வாங்க ஒப்புக்கொண்ட கம்பெனி, இது அசல் ஓல்டு நம்பர் ஒன் இல்லை என்று சொல்லிப் பின்வாங்கியது. வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி ஒவ்வொரு பாகமாக எடுத்துப் பார்த்தார். 1929-ல் ஓடிய காரிலிருந்து உறுதியாகச் சொல்லத்தக்க பாகம் ஒன்றுமே மிஞ்சவில்லை. 1930-ல் ஓடியதிலிருந்து கியர்பாக்ஸ் உறை, ஸ்டியரிங் காலம், பெடல் ஷாஃப்ட் போலச் சிலதான். மற்றதெல்லாம் பிற்பாடு வந்தவை. ஆனாலும் இது அசல் ஓல்டு நம்பர் ஒன்தான் என்று தீர்ப்புச் சொன்னார். காரணம், அந்தக் கார் ஒருபோதும் காணாமல் போய்த் திரும்பி வரவில்லை. ஒரு மாற்றத்திலிருந்து அடுத்த மாற்றத்துக்குச் சங்கிலி அறாமல் வந்திருக்கிறது. அந்தப் பெயருக்கு வேறு எந்தக் காரும் உரிமை கொண்டாடவில்லை. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் வாங்கியே ஆக வேண்டியதாயிற்று.

இதைப் பற்றி ஹாஸ்டலில் பெரிய சண்டையே நடந்தது. எங்கள் ஊர்த் தேருக்குச் சக்கரம் மாத்தியாச்சு, அச்சு மாத்தியாச்சு, மேல்தட்டு மரம் எல்லாம் மாத்தியாச்சு, அதே தேர்னுதானே கும்பிடறோம் என்றான் ஒரு நண்பன். நல்ல வாதம்தான். ஆனா தேரை யாரும் பத்து மில்லியனுக்கு விக்கலையே! என் கருத்து, தீர்ப்பு சரி, விலைதான் சரியில்லை. சங்கிலி அறாத வரலாறு ஒரு தனிப் பொருள். அந்த நாளைய இரும்பு இன்னொரு பொருள். இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரு விலை, ஒன்று மட்டும் இருந்தால் வேறு விலை. வாங்குகிறவர் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு கதையும் உண்டு, இதில் ஏமாற்றியவர் யாருமே இல்லை. 1930 மார்ச்சில் பர்னாட்டோ நூறு பவுண்டு பந்தயம் கட்டி, பிரான்ஸின் தென்கோடிக் கான் நகரிலிருந்து புறப்பட்டு, நீல ரயில் என்ற எக்ஸ்பிரஸ் கலே துறைமுகத்தைச் சேர்வதற்குள் தான் லண்டனே போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் அழகான சாய்ந்த கூரை ஸ்பீட் சிக்ஸ் ஒன்று இருந்தது. அதில்தான் போனார் என்று பல வருடம் எல்லோரும் நம்பினார்கள். டெரன்ஸ் கூனியோ என்ற ஓவியர் அந்தக் கார் ரயிலோடு ஓடுவதைப் படமாகவே வரைந்துவிட்டார். பதிவைப் பார்த்தால் அந்தக் கார் கட்டி முடித்துக் கைக்கு வந்தது 1930 மே மாதம். பந்தயம் மார்ச்சில்! உண்மையில் அவர் ஓட்டியது சாதாரணத் தோற்றமுள்ள ஒரு மூடிய கார். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு தேதியை அடுத்தடுத்து வைத்தால் போதும், உண்மை வெளியே வந்துவிடுகிறது.

சரி, டபிள்யூ. ஓ. என்ன ஆனார்? 1930-ல் அவர் ஆசைப்பட்டபடியே பெரிய இன்ஜின் வைத்து எட்டு லிட்டர் காரைக் கொண்டு வந்தார். நூறு மைல் வேகத்தைச் சத்தமில்லாமல் தொடும் கார். உலகப் பொருளாதார நெருக்கடி நேரத்தில் அவ்வளவு விலையுள்ள காரை யார் வாங்குவது? நூறு கார்தான் செய்தார்கள். பர்னாட்டோ இனிமேல் பணம் போட முடியாது என்றார். 1931 ஜூலையில் கம்பெனி ரிசீவர் கைக்குப் போனது. நேப்பியர் கம்பெனி வாங்கப் போகிறது என்று நம்பி அவர்களோடு அடுத்த காருக்குப் படம்கூடப் போட ஆரம்பித்துவிட்டார். நவம்பரில் மூடிய உறை டெண்டரில் முன்பின் தெரியாத ஒரு டிரஸ்ட் சுமார் 1,25,000 பவுண்டுக்கு எடுத்துவிட்டது. அந்த டிரஸ்டுக்குப் பின்னால் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ். போர்க்காலத்தில் அவர் பிஸ்டன் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்த அதே ரோல்ஸ் ராய்ஸ்.

தொழிற்சாலை போனது, பெயர் போனது, வேலை ஒப்பந்தம் இருந்ததால் அவரும் கூடவே போனார். 1933-ல் ரோல்ஸ் ராய்ஸ் புதிய பென்ட்லி காரை வெளியிட்டது. நல்ல கார்தான். ஆனால் அதை வடிவமைத்தது அவரல்ல. வடிவமைப்பு மேஜையில் அவருக்கு இடம் கொடுக்கவில்லை, ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லும் வேலைதான் கொடுத்தார்கள். பெயர்ப்பலகை அசல், சேஸிஸ் எண் அசல், கம்பெனி அசல், ஆனால் பென்ட்லி செய்யாத பென்ட்லி. இதை எந்த ஆசிட் தடவியும் கண்டுபிடிக்க முடியாது.

1935-ல் ஒப்பந்தம் முடிந்ததும் லகோண்டா கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் செய்தார். 1939 லெ மானில் அந்தக் கார்கள் மூன்றாவது, நான்காவது இடம் பிடித்தன. இரண்டாம் போர் முடிந்ததும் புதிதாக ஒரு இன்ஜின் வடிவமைத்தார். அந்தக் காருக்கு லகோண்டா பென்ட்லி என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். ரோல்ஸ் ராய்ஸ் நீதிமன்றம் போய்த் தடுத்துவிட்டது. தானே வடிவமைத்த காருக்கு அப்பா வைத்த பெயரைச் சூட்ட அவருக்கு உரிமை இல்லை! 1947-ல் டேவிட் பிரவுன் லகோண்டாவை வாங்கினார். அந்த இன்ஜினை ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2 காரில் வைத்தார்கள். ஆக பென்ட்லி செய்த கடைசிப் பெரிய இன்ஜின் வேறொருவர் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஓடியது.

2019-ல் பென்ட்லி கம்பெனி, அந்த சூப்பர்சார்ஜர் பந்தயக் காரைப் பன்னிரண்டு மட்டும் புதிதாகச் செய்யப்போவதாக அறிவித்தது. தங்களிடம் இருந்த பழைய காரைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஸ்கேன் செய்து, அதே அளவில் செய்து விற்றார்கள். புதிது என்று சொல்லித்தான் விற்றார்கள், அதனால் அதில் தப்பு இல்லை. இன்னும் ஐம்பது வருடம் கழித்து அந்தப் புதுக் கார்கள் கொஞ்சம் துருவும் தூசியும் ஏறிக் கைமாறி வரும்போது, இது எந்த வருடத்துக் கார் என்று கண்டுபிடிக்க நம்மைப் போல ஒருத்தர் அடியில் படுக்க வேண்டியிருக்கும்.

டபிள்யூ. ஓ. அதிகம் பேசாதவர். வயதான காலத்தில் பழைய பென்ட்லி வைத்திருப்பவர்களின் சங்கம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. 1971 ஆகஸ்ட் 13-ல் 82 வயதில் இறந்தார். கம்பெனி நொடித்தபோது அவர் ஓட்டிக்கொண்டிருந்த எட்டு லிட்டர் கார் அவர் கையை விட்டுப் போயிருந்தது. அது பலரிடம் மாறி மாறிப் போய், 2006-ல் பென்ட்லி கம்பெனியே அதை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. அவர் வாழ்நாளில் அந்தக் கார் அவரிடம் திரும்பவில்லை.

மூன்றாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு